இனிப்பும் இருப்பும்: இண்டூர் வீட்டுத் தோட்டக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

இண்டூரிலும் சுற்றுவட்டாரச் சிற்றூர்களிலும் வீட்டுக் கொல்லையில் காய்கறி போட்டு வரும் அனைவருக்கும்,

வெங்காயத்தில் நாக்கு இனிப்பு என்று உணர்வது பெரும்பாலும் காரம் இல்லாமையைத்தான். கண்ணைக் கரிக்கும் சின்ன வெங்காயத்திலும் சர்க்கரை உண்டு. பல சமயம் இனிப்பு ரகம் என்று பேர் பெற்றதைவிட அதில் கூடுதலாகவே இருக்கும். நெடி அதை மறைத்துவிடுகிறது. வெங்காயச் செடி மண்ணிலிருந்து கந்தகத்தை சல்பேட் வடிவில் உறிஞ்சி, மணமில்லாத சேர்மங்களாக மாற்றிச் செதில்களில் வைத்துக்கொள்கிறது. கத்தி பட்டுச் செதில் உடைந்ததும் அல்லினேஸ் என்ற நொதி அந்தச் சேர்மங்களோடு கலந்து அவற்றைச் சிதைக்கிறது. கண்ணீர் வரவழைக்கும் வாயுவும் பைருவிக் அமிலமும் அப்போதுதான் பிறக்கின்றன. கண்ணீர் வாயுவுக்கென்றே இன்னொரு நொதி இருப்பதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2002-ல் கண்டுபிடித்தார்கள். காரத்தை அளக்க ஆய்வகங்களில் பார்ப்பது பைருவிக் அமிலத்தின் அளவைத்தான்.

எண்ணெயில் வதங்கும்போது இந்த நொதிகள் சூட்டில் செயலிழக்கின்றன. நெடி ஆவியாகப் போய்விட, அடியில் கிடந்த இனிப்பு மேலே வருகிறது. சாம்பாரிலும் வத்தக்குழம்பிலும் முழுதாகக் கிடக்கும் சின்ன வெங்காயம் இனிப்பது அதனால். அதே குழம்பில் நீர்ச்சத்து மிகுந்த இனிப்பு ரகத்தைப் போட்டால் கரைந்து சப்பென்று ஆகிவிடும். ஆக, இனிப்பு வெங்காயத்துக்குச் சமையலறையில் இடம் பச்சையாகச் சாப்பிடும் பண்டங்களில் மட்டும்: தயிர்ப் பச்சடி, கோசம்பரி, பொரியின் மேல் தூவுவது போன்றவை. கேழ்வரகுக் கூழுக்குக் கடித்துக்கொள்ளக் காரமில்லாத வெங்காயம் எதற்கு என்று கேட்பவர்கள் தருமபுரிப் பக்கம் நிறைய உண்டு. அவர்கள் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது.

எந்த ரகத்தை எவ்வளவு போடுவது என்பதை முடிவு செய்யவேண்டியது, இனிப்பும் இருப்பும் ஒரே வெங்காயத்தில் சேர்ந்து வருவதில்லை என்ற உண்மைதான். இனிப்பு ரகங்களில் திடப்பொருள் சுமார் 6 முதல் 8 சதவீதம், மீதி எல்லாம் நீர். பல மாதம் தாங்கும் ரகங்களில் அது 12 சதவீதத்துக்கு மேல் இருக்கும். நீர் மிகுந்த, கழுத்துத் தடித்த, தோல் மெலிந்த காய் சீக்கிரம் அழுகும். தோலின் நிறத்துக்கும் இதில் பங்கு உண்டு. சிவப்பு, மஞ்சள் வெங்காயங்களின் காய்ந்த மேல்தோலில் கேட்டகால், புரோட்டோகேட்டசூயிக் அமிலம் என்ற இரண்டு பொருள்கள் இருக்கின்றன. சில பூஞ்சணங்களின் வித்துகளை அவை முளைக்கவிடுவதில்லை. வெள்ளை வெங்காயத்தில் இந்தக் காவல் இல்லை. ஒரே பாத்தியில் விளைந்து ஒரே கூடையில் வைத்தாலும் வெள்ளை முதலில் கறுப்பது இதனால்தான்.

உலகில் இனிப்பு வெங்காயம் என்றதும் சொல்லப்படும் பெயர் விடாலியா. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் டூம்ப்ஸ் கவுண்டியைச் சேர்ந்த மோஸ் கோல்மன் என்ற விவசாயி, தன் நிலத்தில் விளைந்த வெங்காயம் காரமில்லாமல் இருப்பதை 1931-ல் கவனித்தார். அந்த மண் மணற்பாங்கானது, கந்தகம் குறைந்தது. 1986-ல் அந்த மாநிலம் ஒரு சட்டம் இயற்றி, குறிப்பிட்ட பகுதியில் விளைவதற்கு மட்டுமே அந்தப் பெயரை உரிமையாக்கியது. அவ்வளவு புகழ் பெற்ற பிறகும் அந்த வெங்காயத்தை மாதக்கணக்கில் வைத்திருக்க முடியவில்லை. ஆப்பிளுக்குப் பயன்படுத்தும் முறையில் காற்றின் ஆக்ஸிஜனைக் குறைத்துக் குளிரூட்டிய அறைகளை 1990 முதல் பயன்படுத்தத் தொடங்கிய பிறகே அது சந்தையில் நீண்ட நாள் நின்றது. இந்தியாவில் இதற்கு நிகராகச் சொல்லத்தக்கது மகாராஷ்டிரத்தின் ராய்கட் மாவட்டத்து அலிபாக் வெள்ளை வெங்காயம். நெல் அறுத்த வயலில், மிஞ்சிய ஈரத்தில் விளையும் அந்த வெங்காயத்துக்குப் புவிசார் குறியீடும் உண்டு. தாளோடு மாலையாகப் பின்னிச் சாலையோரம் தொங்கவிட்டு விற்கிறார்கள். அந்தப் பின்னல் அழகுக்காக மட்டும் வந்ததல்ல என்பது சேமிப்பைப் பற்றிச் சொல்லும்போது தெரியும்.

வெளிநாட்டு விதைப் பொட்டலத்தின் படத்தைப் பார்த்து ஆசைப்படுவோர் முதலில் பார்க்கவேண்டியது பகல் நேரம். வெங்காயம் காய் பிடிக்கத் தொடங்குவதைப் பகலின் நீளமும் வெப்பமும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. தருமபுரியிலிருந்து பென்னாகரம் போகும் சாலையிலுள்ள இண்டூர், ஏறக்குறைய 12 பாகை வடக்கு அகலக்கோட்டில் இருக்கிறது. இங்கே மார்கழியில் பகல் சுமார் பதினொன்றரை மணி நேரம். ஆனி மாதத்து நீண்ட பகல்கூட 13 மணி நேரத்தை எட்டுவதில்லை. வாஷிங்டன் மாநிலத்து வாலா வாலா போன்ற நெடும்பகல் ரகங்களுக்கு 14 மணி நேரப் பகல் வேண்டும். இண்டூரில் அவை தாளாகவே வளர்ந்து தாளாகவே முடியும். உரத்தையும் மண்ணையும் குறை சொல்லிப் பயனில்லை. குறும்பகல் ரகங்கள் மட்டுமே இங்கே காய் தரும்.

பெங்களூருக்கு அருகே ஹெசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட அர்கா பீதாம்பர் மஞ்சள் தோல் கொண்டது, காரம் குறைந்தது. இனிப்பு வேண்டுமென்போருக்கு இந்த வட்டாரத்தில் முதலில் பார்க்கத்தக்கது அதுதான். வெள்ளையில், புணே மாவட்டம் ராஜகுருநகரிலுள்ள வெங்காயம் பூண்டு ஆராய்ச்சி மையத்தின் பீமா ஸ்வேதா உண்டு. இருப்பு வைக்க அதே மையத்தின் பீமா கிரண், பீமா சக்தி, ஹெசரகட்டாவின் அர்கா நிகேதன் ஆகியவை ஏற்றவை. சின்ன வெங்காயத்தில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோ 5, விதை பிடிக்கும் குணத்தால் தனித்து நிற்கிறது. மற்ற பெரும்பாலான ரகங்களைக் காய் ஊன்றியே பயிரிடவேண்டும். கர்நாடக எல்லையைத் தாண்டினால் கிடைக்கும் பெங்களூர் ரோஸ் வெங்காயத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். 2015-ல் புவிசார் குறியீடு பெற்ற அது பார்க்க இளஞ்சிவப்பாக அழகாக இருக்கும். அழகைக் கண்டு இனிக்கும் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். நல்ல காரம்.

10 அடி நீளம், 4 அடி அகலம் உள்ள பாத்திகள் மூன்று இருக்கும் வீட்டில் ஒன்றை மட்டும் இனிப்பு ரகத்துக்கு ஒதுக்குவது போதும். 15 சென்டிமீட்டர் வரிசை இடைவெளி, நாற்றுக்கு நாற்று 10 சென்டிமீட்டர் என்று வைத்தால் ஒரு பாத்தியில் சுமார் 240 நாற்றுகள் பிடிக்கும். நன்றாக விளைந்தால் 10 கிலோ வரை எதிர்பார்க்கலாம். அதை இரண்டு மாதத்தில் தின்று தீர்ப்பது ஒரு குடும்பத்துக்குக் கடினமில்லை. மற்ற இரண்டு பாத்திகளில் ஒன்று சின்ன வெங்காயம், இன்னொன்று இருப்புக்கான பெரிய வெங்காயம்.

மண்ணைப் பொறுத்தவரை இண்டூர்ப் பக்கத்துச் செம்மண் இனிப்பு வெங்காயத்துக்கு ஓரளவு சாதகமானது. மக்குப்பொருள் குறைந்த, மணல் கலந்த செம்மண்ணில் கந்தகம் அதிகம் தங்குவதில்லை, மழையோடு கீழே இறங்கிவிடும். ஆனால் கொல்லையில் முன்பு நிலக்கடலை போட்டு ஜிப்சம் இட்டிருந்தால் கதை வேறு. ஜிப்சத்தில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு கந்தகம். அம்மோனியம் சல்பேட்டில் 24 சதவீதம், சூப்பர் பாஸ்பேட்டில் சுமார் 11 சதவீதம். இனிப்பு ரகப் பாத்தியில் இந்த மூன்றையும் தவிர்த்து, நன்கு மக்கிய தொழு உரமும் தேவைப்பட்டால் டி.ஏ.பி.யும் இடுவது சரி. அதற்காகக் கந்தகத்தை அடியோடு பட்டினி போட்டால் தாள் வெளிறி விளைச்சல் விழும். தொழு உரத்தில் இருக்கும் சிறிதளவு கந்தகம் முதல் மாதத்துத் தேவைக்கு உதவும். காய் திரளத் தொடங்கிய பிறகு கந்தகம் சேர்வதுதான் காரத்தைக் கூட்டும். இருப்புக்கான பாத்திகளில் இந்தக் கட்டுப்பாடு எதுவும் வேண்டாம். அங்கே காரம் வரட்டும்.

உரத்தைவிட நீர் பெரிய கேள்வி. வெங்காயம் உப்பைத் தாங்காத பயிர். மண்ணின் உப்புத்தன்மை மீட்டருக்கு 1.2 டெசிசீமன்ஸைத் தாண்டினாலே விளைச்சல் குறையத் தொடங்கும் என்பது உலகெங்கும் ஏற்கப்பட்ட கணக்கு. ஆழ்துளைக் கிணற்று நீரில் சல்பேட்டும் இருந்தால், உரத்தில் காட்டிய சிக்கனம் ஒவ்வொரு பாய்ச்சலிலும் வீணாகும். தருமபுரி மாவட்டத்தின் நிலத்தடி நீரில் புளோரைடு மிகுதி என்பது ஊரறிந்தது. 2013-ல் செயல்பாட்டுக்கு வந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் காரணமே அதுதான். புளோரைடு வேறு, உப்பு வேறு. ஒன்று இருப்பதால் மற்றதும் இருக்கும் என்று முடிவு கட்டக் கூடாது. பாப்பாரப்பட்டியில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கும்போது மண்ணையும் நீரையும் கண்ணால் பார்த்து எடைபோட வேண்டியதில்லை. ஒருமுறை பரிசோதித்தால் பல பருவங்களுக்கு ஊகத்தை விடலாம். நீர் உப்பாக இருக்கும் வீட்டில், கூரையிலிருந்து விழும் ஐப்பசி மழைநீரைத் தொட்டியில் பிடித்து நாற்றங்காலுக்காவது ஊற்றுவது நல்லது. நாற்றுப் பருவத்தில்தான் உப்பு அதிகம் கெடுக்கும்.

பட்டம் தவறினால் மற்ற எல்லாம் சரியாக இருந்தும் பயனில்லை. இந்தப் பகுதியில் புரட்டாசி, ஐப்பசி மாதங்களில் மழை மிகுதி. தையிலிருந்து பங்குனி வரை வறட்சி. பங்குனிக் கடைசியிலோ சித்திரையிலோ கோடை மழை எட்டிப் பார்க்கும். அந்த மழைக்கு முன் வெங்காயம் மண்ணைவிட்டு வெளியே வந்து காய்ந்திருக்கவேண்டும். அங்கிருந்து பின்னோக்கி எண்ணினால் ஐப்பசி தொடக்கத்தில் விதை தூவி, கார்த்திகை நடுவில் 40, 45 நாள் நாற்றைப் பிடுங்கி நட்டு, பங்குனி முற்பாதியில் அறுப்பது பெரிய வெங்காயத்துக்குச் சரியான கணக்கு. நாற்றங்கால் மழைக்காலத்தில் இருப்பதால் மேட்டுப்பாத்தி கட்டாயம். மேலே ஒரு வலை கட்டினால் மழைத்துளி நாற்றைச் சாய்க்காது. விதை ஒரு கிராமில் 250 முதல் 300 வரை இருக்கும். ஒரு பாத்திக்கு 2 கிராம் தாராளம். வெங்காய விதை ஓராண்டுக்குள் முளைப்புத்திறனை வெகுவாக இழந்துவிடும் என்பதால் போன வருடத்து மிச்சத்தை நம்பக் கூடாது. பெரிய வெங்காயம் பூத்து விதை பிடிக்கக் கொஞ்ச காலம் நல்ல குளிர் வேண்டும். சமவெளித் தமிழ்நாட்டில் அது கிடைப்பதில்லை. அதனால் இந்த ஒரு விதையை மட்டும் ஆண்டுதோறும் வாங்கத்தான் வேண்டும்.

சின்ன வெங்காயத்தைக் கார்த்திகைக் கடைசியில் ஊன்றினால் 65 முதல் 75 நாளில் மாசியில் அறுக்கலாம். வைகாசியில் ஊன்றுவதும் வழக்கம்தான். ஆனால் அது ஆடி, ஆவணியில் ஈரக்காற்றோடு வெளியே வருகிறது. தின்பதற்கு ஆகும், நீண்ட இருப்புக்கு ஆகாது.

வெங்காயத்தின் வேர் மேலாக ஓடுவது. ஒரு சாண் ஆழத்துக்குக் கீழே அது அதிகம் தேடிப்போவதில்லை. அதனால் நிறைய ஊற்றி நாள்கணக்கில் விட்டுவிடுவதைவிடக் கொஞ்சமாக அடிக்கடி விடுவதே அதற்கு ஒத்துவரும். தண்ணீர்ப் பஞ்சத்தில் வாடிய செடியில் காரம் ஏறும் என்பதையும் இனிப்பு ரகம் போட்டவர்கள் நினைவில் வைக்கவேண்டும். ஒவ்வொரு தாளின் அடிப்பாகமும் காயின் ஒரு செதில். காய் திரள்வதற்குள் எத்தனை தாள் வந்ததோ அத்தனை அடுக்கு. ஆகவே களையெடுப்பும் தழைச்சத்தும் முதல் நாற்பது நாளுக்குள் முடிந்துவிடவேண்டும். அதன் பிறகு யூரியாவைத் தூவினால் கழுத்து தடித்துப் போகும். தடித்த கழுத்து காயாது, அழுகலுக்கு அதுவே வாசல். பெரிய வெங்காயம் மண்ணுக்கு வெளியே பாதி தெரிய உட்கார்ந்திருப்பது இயல்பு. அதைப் பார்த்து மண்ணை அணைத்து மூடுவது தவறு.

பனிக்காலம் கழிந்து வெயில் ஏறும்போது இலைப்பேன் வரும். தாளில் வெள்ளி நிறக் கீறல் தெரிந்தால், குருத்தின் இடுக்கில் தேடிப் பார்க்கவேண்டும். வீட்டு அளவில், மாலையில் தாளின் மேல் நீரை விசையாகத் தெளிப்பதும் வேப்பெண்ணெய்க் கரைசலும் போதும். மழையில் சிக்கிய சின்ன வெங்காயத்தில் தாள் முறுக்கிக்கொண்டு வரும் திருகல் நோய் வேறு வகை. அந்தச் செடியை வேரோடு எடுத்துவிடுவதும் அதே பாத்தியில் அடுத்த பருவம் வெங்காயமோ பூண்டோ போடாமலிருப்பதும்தான் வழி. அந்த இடத்தில் கேழ்வரகோ அவரையோ வரட்டும்.

பாதிச் செடிகளின் தாள் தானாகக் கழுத்தில் மடிந்து சாய்ந்தால் அறுவடைக்கு நேரம். அதற்குப் பத்து நாள் முன்பே நீரை நிறுத்தவேண்டும். அவசரத்தில் தாளை மிதித்துச் சாய்க்கும் பழக்கம் உண்டு. கழுத்து நசுங்கினால் அங்கே காயம் உண்டாகிப் பூஞ்சணம் நுழையும். பிடுங்கிய வெங்காயத்தை வரிசையாக, ஒன்றின் தாள் அடுத்ததன் காயை மூடும்படி மூன்று நாள் பாத்தியிலேயே கிடத்துவது நல்ல முறை. பங்குனி வெயில் நேரடியாகப் பட்டால் காய் வெந்ததுபோல் ஆகிவிடும் என்பதால் இந்தத் தாள் போர்வை. பிறகு நிழலில் பத்துப் பன்னிரண்டு நாள். கழுத்து விரலால் உருட்டும்போது ஈரமில்லாமல் சருகாக நொறுங்கினால் பதம் வந்துவிட்டது. அப்போது ஒரு அங்குலம் விட்டுத் தாளை நறுக்கலாம். மாலை பின்னுவதாக இருந்தால் நறுக்கவே கூடாது.

இருப்புக்கு வேண்டியவை காற்றோட்டம், நிழல், ஈரமின்மை. குளிர்ச்சியைத் தேடிக் குளிர்பதனப் பெட்டியில் வைப்பது பெரும்பாலும் கெடுதல். வெங்காயம் வேகமாக முளைப்பது 10 முதல் 20 பாகை செல்சியஸ் வெப்பத்தில்தான். 25 முதல் 30 பாகையில் அது உறக்கத்தில் கிடக்கும். அதற்கு மேலே போனால் எடை குறைந்து வற்றும். பூஜ்யத்தை ஒட்டிய குளிரும் முளைப்பைத் தடுக்கும், ஆனால் அது வணிகக் கிடங்குக்கு ஆகிற காரியம். வீட்டுப் பெட்டிக்குள் குளிரோடு ஈரமும் சேர்ந்திருக்கும். இண்டூரின் சித்திரை, வைகாசி வெப்பம் நிழலில் இருக்கும்வரை வெங்காயத்துக்கு எதிரியல்ல. ஆடிக்குப் பின் வரும் ஈரக்காற்றுதான் எதிரி. காற்றின் ஈரப்பதம் 70 சதவீதத்தைத் தாண்டி நாள்கணக்கில் நிற்கும்போது மேல்தோலுக்குள் கரிப்பொடிபோல் கறுப்புப் பூஞ்சணம் படரும்.

பெரம்பலூர், திண்டுக்கல் பக்கங்களில் சின்ன வெங்காய விவசாயிகள் போடும் பட்டறை இதற்கெல்லாம் சேர்த்துக் கண்ட விடை. தரையிலிருந்து உயர்த்திய மேடை, நான்கு பக்கமும் காற்றுப் புகும் தட்டி, மேலே கீற்று. அகலம் குறுகலாக இருப்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. அகலம் கூடினால் நடுவிலுள்ள வெங்காயத்துக்குக் காற்று எட்டாது. மூன்று பாத்தி வெங்காயத்துக்குப் பட்டறை தேவையில்லை, அதே சூட்சுமத்தைச் சிறிதாக்கினால் போதும். பாலக்கோடு சந்தைக்குத் தக்காளி ஏற்றும் பிளாஸ்டிக் கிரேட் இந்த மாவட்டத்தில் எங்கும் கிடைப்பது, பக்கமெல்லாம் துளையுள்ளது. அரை அடி உயரத்துக்கு மேல் நிரப்பாமல், இரண்டு செங்கல்லின் மேல் வைத்து, கிரேட்டுக்குக் கிரேட் இடைவெளி விட்டு அடுக்கினால் நல்ல சேமிப்புக் கலம். சாக்கு மூட்டையும் மூடிய பாலித்தீன் பையும் வெங்காயத்துக்கு ஆகாது. உருளைக்கிழங்கை அதே இடத்தில் வைக்கவும் கூடாது. கிழங்கு விடும் ஈரத்தில் வெங்காயம் கெடும்.

இனிப்பு ரகத்துக்கு இந்த அக்கறையெல்லாம் பாதிப் பலன்தான் தரும். ஒன்றோடொன்று உரசாமல் தனித்தனியாகத் தொங்குவதே அதற்கு ஏற்றது. அலிபாக் மாலை செய்வது அதைத்தான். ஓர் அழுகல் பக்கத்துக் காய்க்குத் தாவாமல் நிற்கும், சுற்றிலும் காற்று ஓடும். திண்ணை உத்தரத்தில் வெயில் படாத இடத்தில் தொங்கவிட்ட மாலையிலிருந்து கீழிருந்து மேலாக எடுத்துப் பயன்படுத்தி, வைகாசிக்குள் தீர்த்துவிடவேண்டும். பீமா கிரண் போன்றவை நன்றாகப் பதப்படுத்தியிருந்தால் ஐந்து மாதம்வரை வரும். மாசியில் அறுத்த சின்ன வெங்காயம் மூன்று நான்கு மாதம் நிற்கும். எந்த ரகமானாலும் தடித்த கழுத்துள்ளதையும் இரட்டைக் காயையும் கொத்துப் பட்டதையும் இருப்பில் சேர்க்காமல் முதலில் சமைத்துவிடுவது முறை. வாரம் ஒருமுறை புரட்டிப் பார்த்து, அழுத்தினால் அமுங்குவதை எடுத்துவிடவேண்டும். முளை விட்டதைத் தூக்கி எறியத் தேவையில்லை. தாளைக் கிள்ளிப் பொரியலில் போடலாம், காயைத் தொட்டியில் ஊன்றலாம்.

சின்ன வெங்காயத்தில் அடுத்த பட்டத்துக்கான விதைக்காயும் இதே இருப்பிலிருந்துதான் வரவேண்டும். அறுத்த உடனே ஊன்றினால் ஒன்று முளைக்கும், பத்து முளைக்காது. இரண்டு மாத ஓய்வுக்குப் பிறகே சீராக முளைவிடும். மாசியில் அறுத்தது வைகாசிக்கு விதையாகும். வைகாசியில் ஊன்றி ஆவணியில் அறுத்தது கார்த்திகைக்கு விதையாகும். விதைக்காய் எடுக்கும் நாளில் நடுத்தர அளவுள்ள, அதுவரை முளைக்காமலும் வற்றாமலும் கெட்டியாக நின்ற காய்களையே பொறுக்கவேண்டும். 10 அடிக்கு 4 அடிப் பாத்திக்கு அரை கிலோவுக்குச் சற்று மேல் தேவைப்படும். கெட்டுப்போவதையும் கணக்கில் வைத்து, அறுவடை நாளிலேயே ஒரு கிலோவைத் தனிக் கிரேட்டில் ஒதுக்கிவிடுவது நல்லது.